தலைவரின் வலது தோள்

எங்கள் கிடங்கில் கேட் வேலை யாருக்குப் போகும் என்பதை முடிவு செய்ய ஒரே ஒரு வழிதான் இருந்தது. எல்லோரும் சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையாக நிற்க வேண்டும். மேஸ்திரி ஒவ்வொரு தோளாகப் பார்த்துக்கொண்டே வருவார். எவன் தோள் ரொம்பக் கெட்டுப்போயிருக்கிறதோ அவன் மறுநாளிலிருந்து கேட்டில் உட்காரலாம். லாரி வந்தால் வாசலை மறிக்கிற குறுக்குக் கட்டையைத் தூக்க வேண்டும், போனால் இறக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. சிபாரிசு, சொந்தம், கும்பிடு எதுவும் செல்லாது. தோளைப் பார்த்த பிறகு யாரும் வாய் திறந்ததும் இல்லை.

எங்களுக்கு எல்லாம் வலது தோள்தான் கெடும். லாரிக்கு ஏறுகிற பலகையின் இடது பக்கம் சுவர். இடது தோளில் மூட்டை வைத்தால் சுவரில் இடித்து ஆளோடு கீழே வரும். அதனால் கிடங்கில் சேர்ந்த நாள் முதல் வலது தோள். முதலில் தோல் உரியும், அப்புறம் காய்க்கும், அப்புறம் காய்ப்புக்கு அடியில் சதை திரண்டு மேடாகும். மேடு ஏற ஏற தோள் இறங்கும்.

என் மாமாவுக்கு, அதாவது என் அக்கா வீட்டுக்காரருக்கு, அந்த மேடு ஒரு தேங்காய் மூடி அளவுக்கு இருந்தது. கிடங்கில் அவர் பெயர் ஒட்டகம். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்ப மாட்டார்.

அந்த வருஷம் அவர் வலது கை மரத்துப்போக ஆரம்பித்தது. டீ டம்ளரைப் பிடித்திருப்பார், பிடித்திருக்கிறோம் என்பது அவருக்கே தெரியாது, கீழே விழுந்து உடைந்த பிறகு கையைப் பார்ப்பார். "இன்னும் கொஞ்ச காலம் தூக்கினா கையே வராது" என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அக்காவுக்கு அன்றிலிருந்து ஒரே பேச்சுதான்.

"கேட்டுக்குப் போயிரு. இல்லன்னா நான் போய் மேஸ்திரிகிட்ட நிக்கிறேன்."

"கேட்ல ஆள் இருக்காருடி. அவரைத் தூக்கி லாரியில ஏத்திட்டா நான் போய் உட்காரணும்?"

"ஏத்து. மூட்டை தூக்கத் தெரியுதுல்ல?"

அந்தக் கேட்காரர் வருஷக் கடைசியில் மகள் வீட்டோடு போய்விடுவதாக இருந்தார். அதுவரை தாக்குப்பிடித்தால் போதும். சட்டையைக் கழற்றினால் மாமாவுக்குப் போட்டியே கிடையாது. நாங்கள் அந்த நம்பிக்கையில் இருந்தபோதுதான் சிலைக்காரர் வந்தார்.

அவர் பட்டறை எங்கள் கிடங்குக்குப் பின்னால் இருந்தது. சிமெண்டில் தலைவர்கள் செய்வார். நான் ஓய்வு கிடைத்தால் அங்கே போய் நிற்பேன். ஒரு சிலையைக் கொஞ்சம் கொஞ்சமாக எப்படி ஆளாக்குகிறார் என்று பார்க்க எனக்கு அலுக்கவே அலுக்காது. அன்றைக்கு அவர் மூச்சிரைக்க எங்களிடம் ஓடி வந்தார்.

"தலைவர் சிலை திறப்பு விழாவை முன்னாடியே வச்சுட்டாங்கப்பா. முகத்துக்கு போட்டோ குடுத்துட்டாங்க. உடம்புக்கு ஒண்ணும் குடுக்கல. சட்டை இல்லாம உழைப்பாளி மாதிரி வேணுமாம்."

"தலைவர் உடம்பையே ஒரு நடை அனுப்பச் சொல்லுங்க" என்றார் மாமா.

"அதைப் பார்த்துச் செஞ்சா யாரு நம்புவா?"

தலைவர் இளம் வயதில் மூட்டை தூக்கினார் என்று கட்சிக்காரர்கள் மேடைக்கு மேடை சொல்வார்கள். எந்தக் கிடங்கில் என்று மட்டும் ஊருக்கு ஊர் மாறும். எங்கள் ஊருக்கு வந்தால் எங்கள் கிடங்கில் தூக்கியிருப்பார். மேஸ்திரியிடம் ஒருமுறை கேட்டேன். "தூக்கியிருப்பாரு. நான் அன்னைக்கு லீவு" என்றார்.

கையால் பிடித்துப் பிடித்துச் செய்ய நேரம் இல்லாததால் சிலைக்காரர் குறுக்கு வழியில் இறங்கினார். எலும்பு முறிந்தால் போடுகிற மாவுக்கட்டு மாதிரி, ஆள் மேலேயே மாவைப் பூசி, காய்ந்ததும் கழற்றி, அந்த அச்சில் சிமெண்டை ஊற்றுவது. அதற்கு ஓர் உடம்பு வேண்டும். எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, அகன்ற மார்பு என்று மாமாவைத் தேர்ந்தெடுத்தார்.

மாமா இடுப்பில் ஒரு துண்டோடு பட்டறையில் நின்றார். தலைவர் வலது கையை நீட்டி வழிகாட்ட வேண்டுமாம். மாமாவுக்கு அந்தக் கை தோளுக்கு மேல் வராது. "இடது கை போதுமா?" என்றார். சிலைக்காரர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு "ஏதோ ஒரு கை" என்றார். மாவைப் பூசிவிட்டு அசையாதே, பேசாதே, சிரிக்காதே என்று சொல்லிவிட்டுப் போனார். நான் எதிரே உட்கார்ந்து அவரைச் சிரிக்க வைக்க என்னென்னவோ செய்து பார்த்தேன். சுமை இல்லாமல் சும்மா நிற்பதே அவருக்குப் பெரிய சுகமாக இருந்திருக்க வேண்டும். நின்றபடியே தூங்கிவிட்டார்.

சிலைக்காரர் செய்த தவறு ஒன்றே ஒன்றுதான். அவர் பட்டறை எங்கள் கிடங்குக்குப் பக்கத்திலேயே இருந்ததால், அவர் கண்ணுக்கு எல்லா ஆம்பிளைத் தோளும் அப்படித்தான் இருக்கும் போல. இறங்கிய தோளும் மேட்டுச் சதையும் அச்சில் அப்படியே விழுந்ததை அவர் ஒரு குறையாகவே பார்க்கவில்லை. தலையை மட்டும் போட்டோ பார்த்து நன்றாகச் செய்து ஒட்டிவிட்டார்.

நாற்சந்தியில் திறப்பு விழா. நாங்களும் போயிருந்தோம். தலைவர் கயிற்றை இழுத்தார், துணி விழுந்தது. கைதட்ட எடுத்த கைகள் பாதியில் நின்றன. மேலே தலைவர் முகம். கீழே வலது பக்கமாகச் சரிந்த தோளும், அதன் மேல் தேங்காய் மூடியும். தலைவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். சிலைக்காரர் என் முதுகுக்குப் பின்னால் வந்து ஒளிந்துகொண்டார். 

மாமா என் காதில் சொன்னார்: "மாப்ள, அது நான்டா."

"சத்தம் போடாதீங்க மாமா."

தலைவருக்கு ஒரு செயலாளர் உண்டு. எலி மாதிரி சின்ன உருவம், வாய் மட்டும் ஒலிபெருக்கி. அவர் சட்டென்று மைக்கைப் பிடுங்கினார்.

"பாருங்கள் மக்களே! உங்கள் பாரத்தையெல்லாம் சுமந்து சுமந்து தாழ்ந்த தோள்! ஊருக்கு முன்னால் நிமிர்ந்த முகம், உங்களுக்கு முன்னால் தாழ்ந்த தோள்!"

கூட்டம் அலறியது. தலைவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. மேடையை விட்டு இறங்கும்போது அவருடைய வலது தோள் ரெண்டு விரல் கீழே இருந்ததை நானே பார்த்தேன்.

மறுநாள் செயலாளர் தோள் இறங்கியது. அந்த வாரத்திலேயே வட்டச் செயலாளர், கிளைச் செயலாளர் என்று கட்சியில் ஒருவர் விடாமல் எல்லோர் தோளும் இறங்கியது. தையல்காரர் வலது தோளை இறக்கிச் சட்டை வெட்ட ஆரம்பித்தார். உள்ளே பஞ்சு வைக்கத் தனிக் கூலி. எதிர்க்கட்சிக்காரர்கள் வலது தோளைக் காது வரை தூக்கிக்கொண்டு நடந்தார்கள். கடைத்தெருவில் ரெண்டு கட்சியும் எதிரெதிரே வந்தால் தராசுத் தட்டுகள் நடந்து வருவது போல இருக்கும்.

மாமாவுக்கு முதலில் இது வேடிக்கையாகத்தான் இருந்தது. கட்சிக்காரர் என்று நினைத்துப் போலீஸ்காரர் சலாம் வைத்தார். பஸ்ஸில் இடம் கொடுத்தார்கள். ஆனால் ஒரு நாள் தோளை ஏற்றி நடக்கிற எதிர்க்கட்சிக் கோஷ்டி ஒன்று அவரைச் சந்தில் மடக்கி, "தோளைத் தூக்குடா" என்று மிரட்டியது.

"தூக்க முடிஞ்சா நான் ஏன்யா வைத்தியர்கிட்ட போறேன்?"

அடி விழுந்தது. அதுவும் வலது தோளிலேயே. "அங்க அடிச்சா எனக்குத் தெரியாது, அவனுக்குத்தான் கை வலிச்சிருக்கும்" என்று வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

வருஷக் கடைசியில் கேட்காரர் கிளம்பினார். மேஸ்திரி எங்களைச் சட்டையைக் கழற்றச் சொல்வதற்குள் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. தலைவரின் தாழ்ந்த தோள் திட்டம். இனி எல்லாக் கிடங்குகளின் கேட் வேலையும் தோள் தாழ்ந்தவர்களுக்கே. யார் வேண்டுமானாலும் வரலாம்.

"இது நாம ஏற்கெனவே செய்றதுதானே?" என்றேன் மேஸ்திரியிடம்.

"நாம செஞ்சா வழக்கம், அவங்க செஞ்சா திட்டம்."

அளப்பதற்கு ஓர் அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட, அதிர்ந்து பேசாத மனுஷர். அவரிடம் ஒரு மரச்சட்டம் இருந்தது. சிலையின் தோள் மேல் வைத்துப் பார்த்து, அதே வளைவுக்கு இழைத்தது. ஆளின் தோளில் அதை வைப்பார். இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தால் தேர்ச்சி. ஆடினால் போகலாம். சட்டையைக் கழற்ற வேண்டுமா என்று ஒருவன் கேட்டதற்கு, "சே, அரசாங்க அலுவல், மரியாதையாக நடக்க வேண்டும். சட்டையோடவே நில்லுங்க" என்றார்.

வரிசை கிடங்கைச் சுற்றி வளைந்து போனது. அதில் மூட்டை தூக்குகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் தையல்காரரிடமிருந்து நேராக வந்தவர்கள். எனக்கு முன்னால் நின்றவன் தும்மியபோது அவன் தோள் மேடு முதுகுக்கு நகர்ந்துவிட்டது. நான்தான் பிடித்து மேலே தள்ளிவிட்டேன். "ரொம்ப நன்றி தோழரே" என்றான். அவன் தேர்ச்சி.

மாமா போய் நின்றார். அதிகாரி சட்டத்தை வைத்தார். அது ஆடியது. திருப்பி வைத்தார். மறுபடியும் ஆடியது. குனிந்து பக்கவாட்டில் பார்த்தார்.

"அதிகமா இருக்கே."

"அதிகமா இருந்தா நல்லதுதானுங்களே?" என்றார் மாமா.

"சட்டத்துக்குப் பொருந்தணும். கம்மியா இருந்தாலும் ஆகாது, அதிகமா இருந்தாலும் ஆகாது."

"ஐயா, அது என்…" மாமா ஆரம்பித்தார். மேஸ்திரி பின்னாலிருந்து அவர் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினார். அது என் தோள் என்று அங்கே சொன்னால், தலைவருக்குத் தோளே இல்லை என்று ஆகிவிடும். அப்படிச் சொன்னவன் அப்புறம் எந்தக் கேட்டுக்கு வெளியே நிற்பான், எந்தக் கேட்டுக்கு உள்ளே இருப்பான் என்று சொல்ல முடியாது.

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். அவர் கெட்டவர் இல்லை. "தப்பா எடுத்துக்காதீங்க. தலைவரை மிஞ்சின தோளுக்கு நான் எப்படி வேலை குடுக்கிறது? என்னைக் கேப்பாங்க."

எனக்கு ஒன்று புரியவில்லை. அந்தத் தோளிலிருந்து எடுத்த அச்சு, அந்த அச்சிலிருந்து சிலை, அந்தச் சிலையிலிருந்து சட்டம். பிறகு ஏன் பொருந்தவில்லை? நேராக நாற்சந்திக்குப் போய்ச் சிலையின் கீழே நின்று பார்த்தேன். மாமாவையும் இழுத்துப் போயிருந்தேன். அவரைச் சிலைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுத் தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தபோது தெரிந்தது. சிலை அப்படியே நின்றுகொண்டிருந்தது. மாமா அதற்கப்புறமும் மூட்டை தூக்கியிருக்கிறார்.

அன்று மாலை அக்காவிடம் சொன்னேன். அவள் மாமாவின் தோளில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். மேட்டை உள்ளங்கையால் ஒருமுறை அளந்து பார்த்தாள். பிறகு, "இதைக் குறைக்க முடியாது. அதைக் கூட்டலாம்ல?" என்றாள்.

"எதை?"

"அந்தச் சிமெண்டை."

மறுநாள் காலையில் பட்டறை வாசலில் போய் நின்றாள். சிலைக்காரர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"தங்கச்சி, அந்தச் சிலைப் பேச்சே வேண்டாம். அன்னைக்குத் தப்பிச்சதே பெரிசு. மறுபடியும் அதுல கை வைக்கச் சொல்றியா?"

"நீங்க அளவெடுத்த ஆளு வளர்ந்துட்டாரு அண்ணே. பிள்ளைக்குத் தச்ச சட்டை சின்னதாப் போனா தையக்காரன் பிரிச்சு விடுறதில்லையா?"

"யாராவது பார்த்துட்டா?"

"இவ்வளவு நாளா யாரு பார்த்தாங்க? அது தலைவர் உடம்பு இல்லன்னு ஒருத்தனாவது கண்டுபிடிச்சானா?"

அவர் காதிலிருந்து கைகளை எடுத்தார். சிலை திறந்து ஒரு வருஷம் நிறைகிற நாளுக்கு முன் அதைக் கழுவி, விரிசல் அடைத்து, வண்ணம் அடிப்பதும் அவர் பொறுப்புதான். அந்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருவழியாக ஒப்புக்கொண்டார். ஆனால் நான் கூட வர வேண்டும் என்றார். விழுந்தால் ரெண்டு பேராக விழலாமாம்.

ராத்திரியில் போகலாமா என்று கேட்டேன். "ராத்திரி போனா திருடன். பகல்ல வாளியோட போனா வேலைக்காரன்" என்றார். பட்டப்பகலில் ஏணியும் கரண்டியும் சிமெண்டுமாகப் போனோம். நாற்சந்தியில் நின்ற போலீஸ்காரர் ஓடி வந்தார். நான் வாளியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அவர் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு, "பார்த்து ஏறுங்க, கீழே வழுக்குது" என்றார்.

கீழே மாமா டீக்கடை வாசலில் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்துப் பார்த்துச் சிலைக்காரர் மேலே அப்பினார். நான் கீழே ஓடி மாமா தோளைக் கையால் தடவி, அதே குழிவோடு கையை வைத்துக்கொண்டு மேலே ஓடி வந்து காட்டுவேன். வழியில் போனவர்கள் நிமிர்ந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒரு அம்மா நின்று, "தலைவருக்கு என்னப்பா?" என்று கேட்டாள்.

"தோள்ல வேலைம்மா" என்றார் சிலைக்காரர்.

"பாவம், எவ்வளவு கஷ்டப்படுறாரோ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வண்ணம் காய்ந்த பிறகு, நாங்கள் சொல்லிவைத்தபடி மேஸ்திரி அதிகாரியிடம் போனார். தேர்ச்சி பெறாதவர்கள் சார்பில் ஒரு சந்தேகம் என்றார். சட்டம் பல தோளில் உட்கார்ந்து எழுந்து தேய்ந்திருக்கலாம், சிலை மேலேயே ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டால் யாரும் பேச மாட்டார்கள் என்றார். அதிகாரி நியாயமான ஆள். ஊர் பார்க்கத் தானே ஏணியில் ஏறிச் சட்டத்தை வைத்தார்.

ஆடியது.

அதிகாரியின் முகம் போன மாதிரி ஒரு முகத்தை நான் பார்த்ததே இல்லை. சிலை வளர்ந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தான் தலைவரின் தோளைக் குறைத்து அளந்துவிட்டோம் என்றுதான் நினைத்தார். இது செயலாளர் காதுக்குப் போனால் என்ன ஆகும்? அவசரமாக ஏணியிலிருந்து இறங்கினார். பக்கத்துத் தச்சரிடம் ஓடி, சிலையின் மேலேயே வைத்து வைத்துப் புதிதாக ஒரு சட்டம் இழைக்கச் செய்தார். பழையதை அடுப்பில் போட்டார். முன்பு தேர்ச்சி பெற்றவர்கள் எல்லோரும் மறுபடி வர வேண்டும் என்று அறிவித்தார்.

தையல்காரர் கடையில் கூட்டம் கதவை உடைத்துவிடும் போல இருந்தது. அவர்கள் பஞ்சைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்வதற்குள், வரிசையில் முதலாவதாக மாமா நின்றார். அதிகாரி சட்டத்தை வைத்தார். அது இம்மி இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது. கையை எடுத்த பிறகும் விழவில்லை.

"அட!" என்றார் அதிகாரி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மாமாவின் முகத்தைப் பார்த்தார். சிலை இருந்த திசையைப் பார்த்தார். சட்டத்தை எடுத்துக்கொண்டார். "நாளையிலிருந்து கேட்" என்றார்.

தலைவர் ஒரு மாதம் கழித்துத் திட்டத்தின் பலனை நேரில் பார்க்க வருவதாக இருந்தது. அதற்குள் அவருக்கும் சேதி போயிருந்தது. சிலையில் தோள் இன்னும் தாழ்ந்திருக்கிறது என்று யாரோ செயலாளரிடம் சொல்ல, செயலாளர் தலைவரிடம் சொல்ல, பத்திரிகைப் படங்களில் அவர் தோள் இன்னும் இறங்கியிருந்தது. எனக்கோ ஒரே அரிப்பு. அவர் வீட்டில் தனியாக இருக்கும்போது அந்தத் தோள் எப்படி இருக்கும்? தூங்கும்போது? குளிக்கும்போது? அந்த அம்மா, தலைவர் வீட்டுக்காரம்மா, என்ன நினைப்பாள்?

அவர் வந்த அன்று, வரவேற்புக் கூட்டம் எல்லாம் முன்வாசலில் நின்றது. டிரைவர் வழி மாறி வண்டியை எங்கள் சரக்கு வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டான். கேட்டுக்கு உள்ளே ஒரு லாரி எடைமேடையில் மாட்டிக்கொண்டு நகரவில்லை. கட்டையைத் தூக்க முடியாது. செயலாளர் இறங்கி, எவன்டா இங்கே மேஸ்திரி என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினார். நான் கேட் நிழலில் மாமாவோடு டீ குடித்துக்கொண்டிருந்தேன். எழுந்து நின்றோம்.

வண்டியின் கண்ணாடி இறங்கியது. தலைவர் இடது கையால் வலது தோளைப் பிசைந்துகொண்டிருந்தார். முகம் சுருங்கியிருந்தது. மாமாவின் தோளையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உனக்கு இது எத்தனை நாளா?"

"ரொம்ப நாளாங்க."

தலைவர் முன்னால் இருந்த டிரைவரை ஒருமுறை பார்த்துவிட்டு, தலையை வெளியே நீட்டி மெதுவாகக் கேட்டார். "வலிக்குமா?"

"ஆரம்பத்துல வலிக்குங்க. அப்புறம் தெரியாது."

"தெரியாதுன்னா?"

"கையில டம்ளர் இருக்கும். இருக்கிறதே தெரியாதுங்க."

தலைவர் தன் வலது கையைத் தூக்கி, விரல்களை மடக்கி விரித்துப் பார்த்தார்.

"அப்புறம்?"

"அப்புறம் கேட்டுல உட்கார வச்சிருவாங்க."

அவர் அதற்கு என்ன சொல்லியிருப்பாரோ, உள்ளே லாரி உறுமிக்கொண்டு நகர்ந்தது. செயலாளர் ஓடி வந்து ஏறினார். கண்ணாடி ஏறியது. மாமா இடது கையால் கட்டையைத் தூக்கினார். வண்டி எங்களைக் கடந்து போகும்போது நான் குனிந்து பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒரு பக்கம் சரிந்த தலைவரும், அதே பக்கம் சரிந்த செயலாளரும் தெரிந்தார்கள்.

மாமா கட்டையை இறக்கிவிட்டு உட்கார்ந்தார். எனக்கு மனசு அடங்கவில்லை.

"மாமா, கிட்ட நின்னு பார்த்தீங்களே. அது நிஜமாவே இறங்கிருச்சா, இல்ல பஞ்சா?"

மாமா டம்ளரை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தார்.

"சட்டையக் கழட்டச் சொல்லாம எப்படிடா தெரியும்?"